அத்திம்பேருக்கு நாலு சக்கரமும் ஓடும்!

அத்திம்பேர் ஜீப் வாங்கப் போகிறார் என்ற செய்தி 2021-ம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவின் அழுகைக் குரலில் டெலிபோன் வழியாக என்னை வந்தடைந்தது.

"நீயாவது சொல்லேண்டா. பாங்க்லேர்ந்து ரிட்டயர் ஆன மனுஷா காசிக்குப் போவா, கச்சேரிக்குப் போவா. இவர் என்னடான்னா மலை ஏறப் போறேங்கறார். ஜீப்பில!"

சொன்னேன். "அத்திம்பேர், அடையாறு சாஸ்திரி நகர்லேர்ந்து மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கு வந்து கத்திரிக்காய் வாங்கிண்டு போறதுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எதுக்கு? ரெண்டு சக்கரம் இழுத்தா கத்திரிக்காய் வரமாட்டேங்கறதா?"

அத்திம்பேர் பதில் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் அப்படிப் பதில் சொல்லாமல் எழுந்து போனால் அந்த விஷயம் 2015 சம்பந்தப்பட்டது என்று எங்கள் குடும்பத்தில் அர்த்தம்.

அப்போது அவர்கள் கோட்டூர்புரத்தில் தரைத்தள வீட்டில் இருந்தார்கள். டிசம்பர் 1-ம் தேதி. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பின்னால் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று ராத்திரி தெரிந்ததெல்லாம், அடையாறு வீட்டுக்குள் வந்து சாமான்களை நகர்த்திப் பார்க்கிறது என்பது மட்டும்தான். அக்கா தி. நகரில் பெரியம்மா வீட்டில் மாட்டிக்கொண்டு விட்டாள். வீட்டில் அத்திம்பேரும் அவருடைய அம்மாவும் மட்டும். பாட்டிக்கு அப்போது எண்பத்திரண்டு. வாசலில் நின்ற சின்ன கார் மிதந்து போய் எதிர்வீட்டு கேட்டில் முட்டிக்கொண்டு நின்றதாம். மறுநாள் காலை யாரோ ஒருவர் பழைய ஜீப்பில் வந்து பாட்டியைக் காப்பாற்றி, பெசன்ட் நகரில் எங்கள் உறவினர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. காபி சாப்பிடச் சொல்வதற்குள் அடுத்த ஆளைத் தூக்கிவரக் கிளம்பிவிட்டார்.

இந்த ஜீப் கதை குடும்பத்தில் வருஷா வருஷம் வளர்ந்தது. முதல் வருஷம் ஜீப் முழங்கால் தண்ணீரில் வந்தது. இரண்டாம் வருஷம் இடுப்பளவு. 2019-ல் பாட்டி காலமாகி, பதிமூன்றாம் நாள் பந்தியில் பெரியப்பா சொன்னபோது அந்த ஜீப் வராக அவதாரமாகவே ஆகியிருந்தது. அத்திம்பேர் மட்டும் இந்தக் கதையைச் சொன்னதுமில்லை, திருத்தினதுமில்லை.

ஆக, ஜீப் வந்தது. 'தார்' என்று பெயர். ரோடு போடுகிற தார் இல்லை, பாலைவனம். சிவப்புக் கலர். ஏறுவதற்குள் அக்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மறுநாளே பாண்டி பஜார் போய் மடக்கு முக்காலி ஒன்று வாங்கி வந்தாள். லட்சக்கணக்கில் வண்டி, அதில் ஏற முன்னூறு ரூபாய் முக்காலி. அத்திம்பேர் இதை அவமானமாகக் கருதினார்.

கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர். அதில் டூ ஹெச், ஃபோர் ஹெச், நியூட்ரல், ஃபோர் எல் என்று போட்டிருக்கும். முதல்நாள் மயிலாப்பூர் வந்த அத்திம்பேர், காசு கொடுத்து வாங்கின நாலு சக்கரத்தில் இரண்டைச் சும்மா வைத்திருப்பானேன் என்று ஃபோர் ஹெச்சில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். லஸ் கார்னரில் திரும்பும்போது வண்டி முனகியது. ஸ்டியரிங் முறுக்கிக்கொண்டது. டயர் கீச் கீச் என்று கத்த, பின்னால் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "பெருசு, ஹேண்ட் பிரேக்கை எடு!" என்று அறிவுரை வழங்கினார்.

விஷயம் இதுதான். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம். இரண்டும் ஒரே தூரம் ஓடுவதில்லை. ஃபோர் ஹெச் போட்டால் இந்த மாதிரி வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். மணலாக, சேறாக இருந்தால் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுக்க உள்ளே இருக்கும் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் போய் ஏறும். புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே எச்சரித்திருந்தார்களாம். அத்திம்பேர் முப்பத்திநாலு வருஷம் பாங்க்கில் இருந்தவர். விதிமுறைப் புத்தகத்தை மற்றவர்களுக்குத்தான் படித்துக் காட்டிப் பழக்கம்.

அடுத்தது மணல்.

ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி அத்திம்பேரின் பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது. அங்கே 'பயிற்சி' எடுப்பது என்று ஏற்பாடு. நான், அக்கா, புளியோதரை, மூன்று பேரும் போனோம். நான் சின்ன வயசில் தனுஷ்கோடி போயிருக்கிறேன். 1964 புயலில் போன ரோடு 2017-ல்தான் அரிச்சல்முனை வரைக்கும் திரும்ப வந்தது. அதுவரை மணலிலும் அலை ஓரத்திலும் ஓட்டை வேன்கள்தான். ஜன்னலில் கயிறு கட்டின வேனில் இருபது பேரை அடைத்துக்கொண்டு பீடி வலித்தபடியே ஒரு கையால் ஓட்டினார் அந்த டிரைவர். மணலில் ஓட்டுவது அவ்வளவு சுலபம் என்ற தவறான எண்ணத்தை எனக்கு ஏற்படுத்தியவர் அவர்தான்.

அத்திம்பேர் தோப்பைத் தாண்டி வெள்ளை மணலில் இறக்கினார். முப்பது அடி போனதும் எஞ்சின் திடீரென்று இருமியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது.

"என்ன அத்திம்பேர்?"

"டிராக்‌ஷன் கன்ட்ரோல்டா. நம்ம நல்லதுக்குத்தான் பண்றது."

உண்மைதான். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்ஸார். எந்தச் சக்கரமாவது மற்றதைவிட வேகமாகச் சுற்றினால், 'ஐயோ, வழுக்குகிறான்' என்று கம்ப்யூட்டர் பதறி அந்தச் சக்கரத்துக்கு பிரேக் போடும். எஞ்சின் சக்தியையும் குறைத்துவிடும். மழைநாளில் சர்தார் படேல் ரோட்டில் இது தெய்வம். மணலில் மட்டும் எதிரி. மணலில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே, வேகம் விடாமல், படகு மாதிரி போக வேண்டும். நின்றால் போச்சு. அதனால் மணலில் இறங்கும் முன்பே அந்த பட்டனை அமுக்கி அணைத்துவிட வேண்டும்.

அத்திம்பேர் நின்ற பிறகு அணைத்தார். பிறகு கோபமாக ஆக்சிலேட்டரை மிதித்தார். நாலு சக்கரமும் ஓடின, முன்னாலும் பின்னாலும் இல்லை, கீழே. ஒரு நிமிஷத்தில் வண்டி வயிறு தரையில் படிந்து, அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டது. அப்புறம் ஃபோர் எல் போட்டார். வயிறு மணலில் பட்ட பின் எந்த எல்லும் ஒன்றும் செய்யாது.

நான் பி.காம். படித்தவன். காலையில் கிளம்பும்போது அது அசையும் சொத்து. பதினோரு மணிக்கு அசையாச் சொத்து. இதை வாய்விட்டுச் சொன்னேன். அக்கா சிரித்தாள். அத்திம்பேர் புளியோதரையைத் தொடவில்லை.

டிராக்டர் கொண்டு வந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். சுற்றிவந்து டயரை ஒரு உதை விட்டான். "இன்னா சார், காத்தை இறக்காமயா மணல்ல வுட்டீங்க?"

ரோட்டுக்கு 32 வைத்திருந்த காற்றை ஒரு குச்சியால் வால்வை அமுக்கிப் பாதியாக்கினான். டயர் சப்பையாகி, ஒட்டகப் பாதம் மாதிரி அகலமாகப் பரந்தது. பளு பரவினால் புதையாது, அவ்வளவுதான் ரகசியம். ரோட்டுக்கு வந்ததும் முதல் பங்க்கில் திரும்ப அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடாகி வெடிக்கும். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரி, சரிவு பண்ணி, வந்த தடத்திலேயே பின்பக்கமாக இழுத்தான். ஆயிரம் ரூபாய் கேட்டான். அத்திம்பேர் இரண்டாயிரமாகக் கொடுத்து, காற்று இறக்குவதை இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது. தோற்றுப்போன ஐம்பத்தொன்பது வயசுக்காரர், மணலில் குந்தி உட்கார்ந்து ஒரு பையனிடம் பாடம் கேட்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

2022-ல் கொழுக்குமலை. தேனி மாவட்டம், ஏழாயிரத்துச் சொச்சம் அடிக்கு மேலே டீ எஸ்டேட். ஊர் நம்முடையது, ஜீப் ரோடு கேரளா வழியாக, சூரியநெல்லியிலிருந்து. அத்திம்பேர் அடையாறிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, சூரியநெல்லியில் மார்தட்டி இறங்கினால், "சொந்த வண்டிக்கு அனுமதி இல்லீங்க. உள்ளூர் ஜீப்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை தூரம் வந்து, சிவப்பு வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ரெக்ஸின் கிழிந்த ஒரு பழைய ஜீப்பின் முன்சீட்டில் விடியற்காலை நாலரை மணிக்கு மஃப்ளரோடு உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ரோடு என்று அதைச் சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். பாறைகளை யாரோ மூட்டையிலிருந்து கொட்டின மாதிரி இருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில், குறுக்கே எதிர்ச் சக்கரம் அந்தரத்தில். இந்த இடத்தில் டிஃபரன்ஷியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் கூட்டு வியாபாரிகள். யாருக்குச் சுற்றுவது சுலபமோ அவனுக்குத்தான் ஓட்டம் முழுக்கப் போகும். அந்தரத்தில் தொங்குகிறவன் ஜாலியாகச் சுற்ற, தரையில் நிற்கிறவன் சும்மா நிற்பான். எல்லா பார்ட்னர்ஷிப்பும் இப்படித்தான் என்பது என் படிப்பு, அனுபவம் இரண்டின் சாரம். புது வண்டியில் கம்ப்யூட்டர் அந்தரத்தில் சுற்றுகிறவனை பிரேக்கால் பிடித்து நிறுத்த, சக்தி தரையில் நிற்பவனுக்குப் போகிறது. அப்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. ஒரே நிதானமாக வைத்திருந்தால்தான் அதற்கு வேலை செய்ய அவகாசம்.

இந்தக் கிழட்டு ஜீப்பில் கம்ப்யூட்டர் ஏது? டிரைவர் தம்பியின் பின்பாகம்தான் சென்ஸார். சீட்டிலேயே உணர்ந்து ஓட்டினான். இறங்கும்போது ஃபோர் எல்லில் முதல் கியர், இரண்டு காலும் பெடலை விட்டு எடுத்துத் தரையில். எஞ்சினே பிடித்துக்கொண்டு நத்தை மாதிரி இறக்கியது. பிரேக்கை அழுத்தினால் டயர் பூட்டிக்கொண்டு சறுக்குமாம், கிளட்சை அமுக்கினால் கேட்கவே வேண்டாம்.

மேலே மேகம் பாலாகக் கிடந்தது. சூரியன் வந்தது. இதெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். குரங்கணிப் பக்கச் சரிவைத் தம்பி கையால் காட்டினான். 2018 மார்ச் காட்டுத்தீ. சென்னைப் பிள்ளைகள் நிறைய. யாரும் பேசவில்லை.

எனக்கு நினைவிருப்பது திரும்பும்போது ஒரு வளைவு. ஐந்நூறு தடவையாவது அந்த வழியில் போயிருக்கக்கூடியவன், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போய், நேற்றைய மழையில் அரித்த பள்ளத்தைக் குனிந்து பார்த்தான். காலால் அமுக்கிப் பார்த்தான். திரும்பி வந்தான்.

"தினம் வர்ற வழிதானே தம்பி?" என்றார் அத்திம்பேர்.

"எறங்கிப் பாக்காம ஏத்துனா, பெறகு எறங்கித்தான் பாக்கணும்ண்ணே."

சென்னை வந்ததும் பாட்டியின் கைத்தடி பரணிலிருந்து இறங்கியது. தார் எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகலாம் என்பதற்குக் கம்பெனி கொடுத்த கணக்கு 650 மில்லிமீட்டர். தடியில் ஸ்கேல் வைத்து அளந்து, அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டார். அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. "இது என் கோடு" என்றார். நான் வழக்கம்போல் கேலி செய்தேன்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம். அன்று ராத்திரிவரை விடாமல் கொட்டியது. என் மாமனார், மாமியார் வேளச்சேரி ஏ.ஜி.எஸ். காலனியில் தரைத்தளம். மாமனாருக்கு தினம் இன்சுலின். கரண்ட் இல்லை, போன் இல்லை. கடைசியாகப் பேசும்போது, மருந்து ஒரு வேளைக்குத்தான் பாக்கி, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறோம் என்றார்கள். என் சகதர்மிணி ராத்திரி முழுக்க ஜன்னலருகில் நின்றாள். 5-ம் தேதி விடியற்காலை மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில் ஹார்ன். சிவப்பு ஜீப். பின்சீட்டில் கயிறு, பிளாஸ்க், முக்காலி, பாட்டியின் தடி.

கிண்டி சுற்றி வேளச்சேரி போய்ச் சேர்ந்தோம். விஜயநகர் தாண்டி வலதுபுறம் தெருவெல்லாம் பழுப்புக் கால்வாய். அத்திம்பேர் நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தடியை ஊன்றி ஊன்றித் தண்ணீரில் நடந்தார். முதல் வீடு, இரண்டாவது வீடு... நாலாவது வீட்டு கேட்டில் தண்ணீர் அவருடைய கோட்டைத் தொட்டது. ஐந்தாவதில் கம்பெனி கோட்டை. தெர்மோகோல் ஒன்று அவரைத் தாண்டி வேகமாகப் போனது. இன்னும் முக்கால் கிலோமீட்டர் பாக்கி. அவர் திரும்பி வந்து சாவியைக் கழற்றிப் பையில் போட்டார்.

"போக முடியாது."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "என்ன அத்திம்பேர், அரை அடி கூட! ஃபோர் எல் போட்டுப் போங்கோ. இதுக்குத்தானே வாங்கினேள்?"

"நாலு சக்கரமும் இழுக்கும்டா. தரையைத் தொட்டாத்தான் இழுக்கும். கதவு உயரத்துக்குத் தண்ணி வந்தா வண்டி மிதக்கும். மூக்குக்குள்ள தண்ணி போனா எஞ்சினே வளைஞ்சு உடைஞ்சுடும். அடியில மூடி இல்லாத பள்ளம் எத்தனை இருக்கோ."

முந்தின நாள்தான் அதே வேளச்சேரி ஐந்து பர்லாங் ரோட்டில் கட்டடத்துக்குத் தோண்டின பள்ளம் சரிந்து ஆட்கள் சிக்கியிருந்தார்கள். தெரியும். இருந்தும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அன்னிக்கு உங்கம்மாவுக்காக எவனோ ஒருத்தன் வந்தானே, அவன் கோடு போட்டுப் பாத்துண்டா வந்தான்?"

அத்திம்பேர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவர் ஜீப்பைத் தண்ணிக்குள்ள கொண்டு வரலைடா. தெருக்கோடியில, மேட்டுல நிறுத்திட்டு வந்தார். மார்பளவு தண்ணியில, கம்பால தட்டித் தட்டி நடந்து வந்தார். அம்மாவை முதுகுல தூக்கிண்டார். நான் பின்னால குடையைப் பிடிச்சுண்டு போனேன். குடை! அந்த வெள்ளத்துல." சற்று நிறுத்தினார். "எல்லாரும் ஜீப் ஜீப்னு சொன்னா. நானும் சரின்னு விட்டுட்டேன். எங்கம்மாவை நான் தூக்கலைன்னு எப்படிடா சொல்லுவேன்?"

மழை தூறியது. நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்குள் ஏறாமல் நனைந்துகொண்டு நின்றோம். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு மீனவர்கள் ஓட்டிக்கொண்டு ஒரு படகு வந்தது. அத்திம்பேர் போய்ப் பேசினார். எனக்கு முன்னால் அவர் ஏறிக்கொண்டார். படகு உள்ளே போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரமாயிற்று. அந்தத் தெருமுனையில் நான் எண்ணாத சாமி இல்லை. வரும்போது மாமியார் நடுவில், மாமனார் கையில் காலி இன்சுலின் டப்பாவோடு. கரையில் தண்ணீர் முழங்கால்வரை இருந்தது. அத்திம்பேர் இறங்கி, முதுகைக் குனிந்து காட்டினார். மாமனார் எவ்வளவோ மறுத்தார். கடைசியில் ஏறிக்கொண்டார். அறுபத்தொரு வயசுக்காரர் எழுபத்திநாலு வயசுக்காரரைச் சுமந்து பதினைந்து அடி நடந்தார். நான் தடியைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன்.

பிறகு ஜீப்பின் முறை. திரும்புகிற இடத்தில் மழைநீர் வடிகாலுக்கு வெட்டி மூடின மண் இளகிக் கிடந்தது. இடது பின்சக்கரம் தொப்பென்று இறங்கி, வலது முன்சக்கரம் எழும்பிவிட்டது. அத்திம்பேர் நின்றார், நியூட்ரல் போட்டார், ஃபோர் எல்லுக்கு மாற்றினார். டிராக்‌ஷன் கன்ட்ரோலை இந்தத் தடவை அணைக்கவில்லை. நிதானமாக ஒரே அழுத்தம். கீழே டக், டக், டக் என்று பல்லி சொல்வது போல் பிரேக் பிடித்துப் பிடித்து விட்டது. இரண்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பின்பு வண்டி பெருமூச்சு விட்டு மேலே வந்தது.

"பேஷ்!" என்றேன்.

மாமனார்தான் அலுத்துக்கொண்டார். "மாப்பிள்ளை, படகு துளிக்கூடக் குலுங்கலை. இதென்ன, ஒட்டகமா?"

அத்திம்பேர் சிரித்தார். மந்தைவெளி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். வழியில் மருந்துக் கடையில் நிறுத்தினோம்.

அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் 2015 கதையைப் பழைய மாதிரி சொல்வதில்லை. அக்காவிடம் அவரே சொல்லியிருக்க வேண்டும். வண்டி தெற்கு மாட வீதிக்கு டூ ஹெச்சில்தான் வந்து போகிறது.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் எல்லோரும் பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அன்று மத்தியானம் மாமனாரிடமிருந்து போன். மழை ஒரு சொட்டு இன்னும் விழவில்லை.

"மாப்பிள்ளை, மருந்தெல்லாம் எடுத்து வெச்சுண்டுட்டோம். அத்திம்பேரை ஒட்டகத்தைக் கொண்டு வரச் சொல்லுங்கோ. முக்காலியை மறந்துடப் போறார்!"